வெட்டிய நாலு நிமிடம்

"குடும்பத்தோடு பார்க்கலாமா?" என்று யாராவது கேட்டால் இப்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. எந்தக் குடும்பத்தோடு என்று திருப்பிக் கேட்கத் தோன்றுகிறது. ஆனால் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதுதான் என் வேலை. ஆறு வருடமாக அதற்குத்தான் சம்பளம் வாங்குகிறேன்.

கோச்சடையில் ஒரு பாத்திரக்கடையின் மாடியில் எங்கள் லோக்கல் சேனல் இருக்கிறது. கேபிள் இணைப்பு உள்ள வீடுகளில் மட்டும் தெரியும். காலையில் பக்திப் பாட்டு, சாயங்காலம் காதுகுத்து, பூப்புனித நீராட்டு, கடை திறப்பு விழா, நடுநடுவே பழைய படம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஓடும் படம் மட்டும் குடும்பப் படமாக இருக்க வேண்டும் என்பது முதலாளியின் உத்தரவு. அதற்கு ஒரு நகைக்கடைக்காரர் விளம்பரம் தருகிறார். பழைய படங்களையும், தீபாவளி பொங்கலுக்கு எடுத்த பழைய சிறப்பு நிகழ்ச்சிகளையும் நான் முன்கூட்டியே பார்த்து, ஒரு நோட்டில் எழுதி வைக்க வேண்டும். ஓட்டலாம், வெட்டி ஓட்டலாம், வேண்டாம். இந்த மூன்றில் ஒன்று.

எதை வைத்துத் தீர்ப்பு? முதலாளி வாயால் சொன்ன சட்டம் நான்கு. பிராந்தி பாட்டில் தெரியக்கூடாது. முத்தம் கூடாது. அருவியில் நனையும் பாட்டு கூடாது. ரத்தம் கூடாது. அவ்வளவுதான். இந்த நான்கும் இல்லாவிட்டால் அது சுத்தமான படம்.

அந்தச் சுத்தத்தைக் கொஞ்சம் சொல்கிறேன், கேளுங்கள். கதாநாயகி நாலு வார்த்தை இங்கிலீஷ் பேசுவாள், கதாநாயகன் கன்னத்தில் ஓங்கி ஒன்று விடுவான், அடுத்த காட்சியில் அவள் தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு அவன் காலைத் தொட்டுக் கும்பிடுவாள். ஓட்டலாம். ஒருத்தியை ஒருவன் அறைக்குள் இழுத்துப் போட்டுக் கதவைச் சாத்துவான், காமிரா வெளியே வந்து கீழே கிடக்கும் கண்ணாடி வளையலைக் காட்டும், கடைசியில் ஊரே கூடி அவனுக்கே அவளைக் கட்டி வைத்து அட்சதை போடும். முத்தமா, இல்லை. ரத்தமா, இல்லை. ஓட்டலாம். பொங்கல் சிறப்பு நிகழ்ச்சி என்று வரும் மேடைப் பேச்சுகளில் ஒன்றரை மணி நேரம் பெண்டாட்டி வைத்த ரசத்தையும் அவள் உடம்புப் பருமனையும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். முன்வரிசையில் அந்தப் பெண்டாட்டிகளே உட்கார்ந்து சிரிப்பார்கள். அதையெல்லாம் வேகமாக ஓடவிட்டுப் பத்து நிமிடத்தில் தீர்ப்பு எழுதியிருக்கிறேன்.

ஒருமுறை ஒரு பாட்டில் நடிகையின் மாராப்பு ஒரு நொடி விலகிவிட்டது. பதினொரு போன். "வயசுப் பிள்ளைகளோட உக்காந்து பாக்குறோம், கொஞ்சம் பாத்துப் போடுங்கம்மா." கன்னத்தில் அறையும் காட்சிக்கு ஒரு போன்கூட வந்ததில்லை. இதைச் சொல்லி மற்றவர்களைத் திட்டலாம் என்று பார்த்தால், அந்த போன்களுக்கெல்லாம் "மன்னிச்சுக்கங்கண்ணே, இனிமே வராது" என்று பதில் சொன்னது நான்தான்.

என் தங்கை ஒரு துணிப்பையோடு வந்து நின்ற வாரத்தில்தான் அந்தப் படம் என் மேசைக்கு வந்தது. அவளைக் கட்டிக்கொடுத்தது திருமங்கலம் பக்கம். மாப்பிள்ளைக்குக் கப்பலூரில் ஒரு கம்பெனியில் வேலை. "கை நீட்டிட்டாருக்கா" என்றாள். நான் காப்பி போட்டுக் கொடுத்து, "சரி, கொஞ்ச நாள் இங்க இரு" என்றேன். எத்தனை முறை, எதனால், எங்கே என்றெல்லாம் கேட்கவில்லை. கேட்டால் அவளுக்குக் கஷ்டமாக இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மேலூரிலிருந்து அம்மாவும் வந்துவிட்டாள். என் வீட்டுக்காரர் லாரியில் வடக்கே போயிருந்தார். என் பிள்ளைகள் இரண்டும் ஹாலில் படுத்துக்கொள்ள, அம்மாவும் தங்கையும் உள் அறையில்.

அந்தப் படம் கறுப்பு வெள்ளை. நல்லவனான ஒரு குமாஸ்தா, அவனுடைய மனைவி, நாக்கு நீண்ட ஒரு மாமியார். ஒருநாள் மாமியார் சாம்பாரில் உப்பு இல்லை என்று குறை சொல்வாள். அன்று இரவு குமாஸ்தா ஒரு சிநேகிதனோடு குடித்துவிட்டு வந்து மனைவியைப் பெல்ட்டால் அடிப்பான். நாலு நிமிடக் காட்சி. விடிந்ததும் அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அப்பா வீட்டுக்குப் போய்விடுவாள். பிறகு அழுகை, நோய், கோயில், சமாதானம்.

அந்த நாலு நிமிடத்தில் மேசைமேல் பாட்டில் இருந்தது. பாட்டிலை மட்டும் மங்கலாக்கலாம், அதற்கு அரை நாள் பிடிக்கும். முதலாளி எட்டிப் பார்த்து, "ஏம்மா, அம்புட்டையும் தூக்கிரு. நகைக்கடைக்காரரு இன்னும் நாலு நிமிசம் கேக்குறாரு" என்றார். தூக்கினேன். கேட்க நன்றாக இருக்கும் என்பதற்காக அன்று கை நடுங்கியது, தங்கையின் முகம் நினைவுக்கு வந்தது என்றெல்லாம் எழுத மாட்டேன். ஒன்றும் நடுங்கவில்லை. நோட்டில் 'சுத்தமான படம், குடும்பத்தோடு பார்க்கலாம்' என்று எழுதிவிட்டு, தங்கைக்குப் பிடிக்குமே என்று பருத்திப்பால் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். சாப்பிடும்போது இந்தக் காட்சி வெட்டிய கதையையும் அவளிடம் ஏதோ ஆபீஸ் தமாஷ்போலச் சொன்னேன். அவள் எழுந்து தட்டைக் கழுவப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வீட்டார் பேச வருவதாகச் சொல்லி அனுப்பினார்கள். அதற்கு முன்பே அம்மா என்னைக் கூப்பிட்டு வைத்துப் பாடம் சொன்னாள். "அடிச்சது கிடிச்சதெல்லாம் பேச வேணாம். பிள்ளைக இருக்குதுக, பெரியவுக வாராக. மனஸ்தாபம்னு சொல்லிப் பேசி முடிப்போம். அவளும் நாளைக்கு அங்க போய் வாழணும்ல." எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. நாலு பேர் நடுவில் தங்கை தலைகுனிந்து நிற்கக்கூடாது என்று நினைத்தேன். யார் தலைகுனிய வேண்டும் என்கிற கேள்வி அப்போது எனக்கு வரவில்லை.

மாப்பிள்ளையும் அவருடைய பெரியப்பாவும் வந்தார்கள். நாற்காலி போட்டு, காப்பி வைத்தோம். அம்மா டிவியைப் போட்டாள். விருந்தாளி வந்தால் டிவி ஓட வேண்டும் எங்கள் வீட்டில், பேச்சு நின்றுபோனால் எல்லோரும் பார்ப்பதற்கு ஒன்று வேண்டுமே. அதோடு, "என் மூத்தவ வேலை பாக்குற டிவி" என்று சம்பந்தியிடம் காட்டிக்கொள்ள ஆசை. சத்தத்தைக் குறைத்து வைத்தாள். என் படம் ஓடிக்கொண்டிருந்தது. பிள்ளைகள் இரண்டும் தரையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தன.

பேச்சு நன்றாகவே போனது. சின்ன மனஸ்தாபம், வார்த்தை தடித்துவிட்டது, கண்ணு பட்டிருக்கும், குலதெய்வத்துக்கு ஒரு பொங்கல் வைத்தால் சரியாகிவிடும். ஒவ்வொருவரும் ஒரு வார்த்தையைக் கொண்டுவந்து பூசி மெழுகிக்கொண்டிருந்தோம். மாப்பிள்ளை தரையைப் பார்த்தபடி, பாவம், ரொம்ப நல்ல பிள்ளைபோல உட்கார்ந்திருந்தார். சாயங்காலமே கூட்டிக்கொண்டு போவதாக முடிவாகும் தறுவாயில் பெரியப்பா டிவி பக்கம் திரும்பினார்.

மாமியார் உப்பு இல்லை என்றாள். நகைக்கடை விளம்பரம் வந்தது. விளம்பரம் முடிந்ததும் மருமகள் பெட்டியோடு வாசலைத் தாண்டினாள்.

பெரியப்பா தொடையில் தட்டிச் சிரித்தார். "பாத்தீகளா சம்பந்தியம்மா? உப்பு இல்லைன்னு ஒரு வார்த்தை சொன்னதுக்கு ஒரு பொம்பள பெட்டியத் தூக்குவாளா? அந்தக் காலத்துலயே இப்பிடித்தான் இருந்திருக்காளுக."

"அதான, பொறுமை வேணும்ல" என்றாள் அம்மா.

மாப்பிள்ளையும் நிமிர்ந்து சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் செத்தாலும் மறக்க மாட்டேன். அந்தச் சிரிப்புக்கு வழி செய்து கொடுத்தவள் நான். என் கையால் வெட்டி, என் கையால் ஒட்டி, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என் வீட்டு ஹாலிலேயே கொண்டுவந்து ஓடவிட்டிருக்கிறேன்.

சுவர் ஓரமாக நின்றிருந்த தங்கை கேட்டாள். "அக்கா, உப்புக்கும் பெட்டிக்கும் நடுவுல ஒண்ணு வருமே. அதச் சொல்லு."

"அது... பாட்டில் வருதுன்னு எடுத்துட்டோம்" என்றேன்.

"பாட்டிலக் கேக்கல. அதுல என்ன நடக்கும்?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் என்ன செய்தேன் தெரியுமா? பிள்ளைகளைப் பார்த்து, "ரெண்டு பேரும் மாடிக்குப் போய் விளையாடுங்க" என்றேன். அந்த நேரத்திலும் என் வாயில் வந்தது அதுதான். அப்போதே என் வாயில் நானே அடித்துக்கொண்டிருக்க வேண்டும்.

"இருக்கட்டும்" என்றாள் தங்கை. "சொல்லுக்கா."

"குடிச்சிட்டு வந்து அவள பெல்ட்டால அடிப்பான்" என்றேன்.

"அட, அது படம் தாயி" என்றார் பெரியப்பா.

"எனக்கு பெல்ட் இல்ல பெரிய மாமா" என்றாள் தங்கை. குரல் உயரவே இல்லை. "கம்பெனியில இருந்து ஒரு ரப்பர் ஓஸ் பைப்பு கொண்டாந்து வச்சிருக்காரு. அடுப்புல குழம்பு கொதிச்சுக்கிட்டு இருந்துச்சு. அணைச்சிட்டு வாரேன்னு சொன்னேன். அதுக்குள்ள முதல் அடி விழுந்துருச்சு. ஏழு அடி. எண்ணுனேன். இது மூணாவது தடவை. ரெண்டு தடவை நான் உங்ககிட்ட வந்து சொன்னேன், நீங்கதான் ஆட்டோ பிடிச்சுத் திரும்ப வீட்டுல கொண்டாந்து விட்டீக."

மாப்பிள்ளை எழுந்து நின்றார். "ஏய், எல்லாரும் இருக்கும்போது என்ன பேச்சுப் பேசுற?"

பெரியப்பாவின் முகம் சுருங்கிவிட்டது. அவர் மாப்பிள்ளையைக் கேட்கவில்லை. அம்மாவிடம்தான் கேட்டார். "என்ன சம்பந்தியம்மா, சின்னப் பிள்ளைகள வச்சுக்கிட்டு இதெல்லாம் பேசுற பேச்சா?"

அடித்தது தப்பில்லை, பிள்ளைகள் காதில் விழுந்ததுதான் தப்பு. ஆறு வருடமாக நோட்டில் நான் எழுதி வந்த சட்டத்தை அந்த மனிதர் என் முகத்துக்கு நேராகச் சொன்னார். எழுந்து டிவியை அணைத்தேன். "வெளிய போங்க" என்றேன். அது சின்னக் குரலில் வரவில்லை, பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். பார்க்கட்டும். அவர்களுக்குக் கேட்க வேண்டும் என்றே இன்னொரு தடவை கத்தினேன்.

"அவ வரலையா?" என்றார் மாப்பிள்ளை, என்னவோ பஸ்ஸுக்கு நேரமானதுபோல.

"நான் வரல" என்றாள் தங்கை.

அவர்கள் செருப்பை மாட்டிக்கொண்டிருக்கும்போதே முதலாளி போன் செய்தார். "ஏம்மா, படம் ரொம்பச் சுத்தமா இருக்குன்னு நாலு பேரு கூப்பிட்டுச் சொல்லிட்டாங்க. இப்பிடியே பாத்துப் போடு." அந்த நாலு நிமிடத்தைச் சேர்க்காமல் இந்தப் படம் இனி ஓடக்கூடாது என்றேன். "பாட்டில் வருதேம்மா" என்றார். அவர் இன்றுவரை அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார், நானும் ஒவ்வொரு வாரமும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறேன்.

கதவைச் சாத்தியதும் அம்மா ஆரம்பித்தாள். "இப்பிடிப் போட்டு ஒடைச்சிட்டீகளேடி. பேசி முடிஞ்ச காரியம்."

"ஓஸால அடிச்சான்னு உனக்குத் தெரியுமா?" என்றேன்.

"தெரியாம என்ன? பத்து நாளா ராத்திரி முதுகுல எண்ணெ போட்டு விட்டது யாரு?"

வெயிலில் நடவுக்குப் போய் எங்கள் இருவரையும் படிக்க வைத்தவள் அவள். அவளை நான் ஒருநாளும் எதிர்த்துப் பேசியதில்லை. அன்று பேசினேன். பத்து நாள் அந்த முதுகைத் தடவிய கையாலேயே அவளைத் திரும்ப அனுப்பப் பார்த்தாயா என்று கேட்டேன். இன்னும் என்னென்னவோ கேட்டேன், எதற்கும் எனக்கு வருத்தமில்லை. அம்மா முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு அழுதாள். பிள்ளைகள் மிரண்டுபோய்ப் பார்த்தன.

அந்தக் கோபத்தோடேயே தங்கையிடம் திரும்பினேன். "அடுத்த ரூம்லதானடி இருந்தேன். எனக்கு ஏன் காட்டல?"

"நீ கேக்கவே இல்லையேக்கா."

"இப்பக் காட்டு" என்றேன்.

அவள் காப்பி டம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டு நிமிர்ந்தாள்.

"இப்ப எதுக்குக்கா? ஆறிப்போச்சு."