அக்காவோடு லங்காவிக்கு

எங்கள் தோட்டத்தில் எல்லோரும் கப்பல் ஏறி வந்தவர்களின் பிள்ளைகள். அவர்களில் கடலைக் கண்டாலே கால் நடுங்குகிறவன் நான் ஒருவன்தான். ஜப்பான்காரன் காலத்தில் கோலா கெடாவிலிருந்து லங்காவிக்குப் பாய்மரத் தொங்கான் படகில் போனபோது, கரை மறையும் முன்பே வயிற்றிலிருந்த மரவள்ளிக்கிழங்கைக் கடலுக்குக் கொடுத்துவிட்டேன். பஞ்சத்தில் கிழங்கை வீணாக்கிய பெருமை எனக்கு உண்டு.

போனது அக்காவுக்காக. சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடிக்கும் லாரி தோட்டத்துக்கு வந்த அன்று, அக்கா வீட்டுக்காரர் ரப்பர் மரங்களுக்கிடையே ஓடித் தப்பினார். மீன்பிடிப் படகில் தீவுக்குப் போய்விட்டார் என்பது மட்டும் தெரிந்தது. அதற்குப் பிறகு சேதியே இல்லை. ஒரு மழைக்காலம் கழிந்து, எங்கள் ஜித்ராப் பக்கம் கருவாடு விற்க வந்த மலாய்க்காரர், தீவில் ஒரு தமிழன் கிழங்கு நட்டுப் பிழைக்கிறான் என்றார். அக்கா உடனே மூட்டை கட்டிவிட்டாள். தாலித் தங்கம் எப்போதோ அரிசிக்குப் போயிருந்தது. கயிற்றில் கோத்திருந்த மஞ்சள் கிழங்கை எடுத்துவிட்டு, அன்று காலை புதுக் கிழங்கு கட்டிக்கொண்டாள்.

படகில் காலிக் கருவாட்டுக் கூடைகளுக்கு நடுவே நான் குனிந்தது குனிந்தபடியே கிடந்தேன்.

"ஏன்டா, கப்பல்ல வந்த அப்பாவுக்கா நீ பொறந்த?" என்றாள் அக்கா.

"அவரும் இப்படித்தான்க்கா வந்திருப்பாரு. நாகப்பட்டினத்துல குனிஞ்சவரு, பினாங்குலதான் நிமிர்ந்திருப்பாரு."

அக்கா வாய்விட்டுச் சிரித்தாள். அவள் சிரித்து எவ்வளவு காலம் ஆகியிருந்தது! "இத மச்சான்கிட்ட சொல்லுடா. வலது காதுப் பக்கம் நின்னு சொல்லு, எடதுலதான் ஒண்ணும் விழாதே."

தீவுக் கரையில் அந்தத் தமிழன் நின்றிருந்தான். இளவயது, நெட்டையன். மச்சான் இல்லை.

அக்கா கலங்கவில்லை. "அவரு வேலைக்குப் போயிருப்பாரு" என்று அவன் குடிசை வாசலில் உட்கார்ந்து தலையைக் கோதிக்கொண்டாள். அவன் என்னைத் தனியே கூப்பிட்டான்.

"அண்ணே, எங்கூட ஒருத்தரு இருந்தாரு. எடது காது கேக்காது. காய்ச்சல்ல போயிட்டாரு, நாந்தான் பொதச்சேன். அந்தக்கா கழுத்தப் பாத்துட்டு எனக்கு வாய் வரலண்ணே. நீங்க சொல்லிருங்க."

கல்யாண வீடானாலும் கருமாதி வீடானாலும் வாய் ஓயாதவன் நான். அன்றைக்கு ஒரே ஒரு வரிதான் சொன்னேன்.

"அக்கா, மச்சான் செத்துட்டாருக்கா."

அக்கா சிரித்தாள். "சீ, வெளையாட்டுக்கும் ஒரு அளவு இருக்குலா. ரெண்டு பேரும் சேந்து அவர எங்கடா ஒளிச்சு வெச்சிருக்கீங்க?" குடிசைக்குப் பின்னால் எட்டிப் பார்த்து, "போதும், வெளிய வாங்க!" என்று கூப்பிட்டாள்.

நான் அழுதேன். "நல்லா நடிக்கிறான் பாரு" என்றாள். சிரிப்பு காட்டியே பழகிப்போன முகம் எனக்கு. அவசரத்துக்கு வேறு முகம் எங்கே போய்த் தேடுவது? பக்கத்தில் நின்ற அந்த நெட்டையன் துண்டை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கிய பிறகுதான் கூந்தலைக் கோதிய அக்காவின் கை அப்படியே நின்றது.

எங்களில் பெண்கள் இடுகாட்டுக்குப் போவதில்லை. அங்கே தடுக்கப் பெரியவர்கள் யாரும் இல்லை, அக்கா முன்னால் நடந்தாள். தென்னைகளுக்கு நடுவே ஒரு மணல்மேடு. அதில் பால் ஊற்ற வேண்டும் என்றாள். அந்தக் கரையில் மாடே இல்லை. எனக்குத் தெரிந்த அரைகுறை மலாயில் அக்கம்பக்கம் சொல்லிப் பார்த்தேன். ஒரு மலாய்க்காரப் பெண் தேங்காய் துருவிப் பால் பிழிந்து சிரட்டையில் கொண்டு வந்தாள்.

அக்கா ஊற்றினாள். மணல் அதை நொடியில் குடித்துவிட்டது, ஈரம்கூடத் தங்கவில்லை. அக்கா காலிச் சிரட்டையை அந்தப் பெண்ணிடம் நீட்டினாள்.

"இன்னும் கொஞ்சம்."

தமிழில்தான் சொன்னாள். கரையிலிருந்து படகுக்காரர், கடல் வற்றுகிறது, உடனே கிளம்ப வேண்டும் என்று கத்தினார். அந்தப் பெண் அவர் பக்கம் திரும்பாமல் இன்னொரு தேங்காயை உடைக்கப் போனாள்.