சீனி டின் சாவி

பூட்டுக்குப் பேர்போன எங்கள் ஊரில், பூட்டு செய்யாத தெருவில்கூட பூட்டு இல்லாத சாமான் கிடையாது. அக்கா வீட்டில் சீனி டின்னுக்கும் ஒரு பூட்டு. ரேஷன் சீனி, மூன்று பிள்ளைகள், அதற்கு மேல் நான். பூட்டு யாருக்காக என்று மச்சான் சொல்லவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டே போட்டார், அவ்வளவுதான்.

பெருநாளுக்கு முந்தின நாள் மதியம். அக்கா பிஸ்கோத்துக்கு மாவு பிசைந்து வைத்துவிட்டு, தையல்காரரிடம் பிள்ளைகளின் துணியை வாங்கக் கிளம்பினாள். முந்தானை முடிச்சை அவிழ்த்து, விரல் நீளம்கூட இல்லாத அந்தச் சாவியை என் கையில் வைத்தாள்.

“ஏலே, மேல தூவ மட்டும் சீனி எடு. சாவி பத்திரம். தொலஞ்சுச்சு, ஒங்க மச்சான் என் தோல உரிச்சிருவாரு.”

“தோல் யாவாரிதானக்கா, கிழியாம உரிப்பாரு.”

தலையில் ஒரு கொட்டு வைத்துவிட்டுப் போனாள்.

பெரிய சட்டியில் ஆற்று மணலைக் கொட்டி அடுப்பில் ஏற்றினேன். மணல் சூடானதும் அதன்மேல் தட்டை வைத்து மூடி, மூடியின்மேல் கரித்தணலைப் பரப்ப வேண்டும். அதுதான் எங்கள் வீட்டு அடுமனை. பிள்ளைகள் மாவை உருட்டித் தட்டினார்கள். நடுவிலவன் சாவியை வாங்கி ஒவ்வொரு பிஸ்கோத்திலும் அழுத்தி அச்சுப் போட்டான். பார்க்க அழகாகத்தான் இருந்தது. பெரியவள் சீனி தூவினாள். மூன்று வயதுச் சின்னவள் தன் உருண்டையைத் தட்டுவதும், பிய்த்து வாயில் போடுவதுமாக இருந்தாள்.

“பச்ச மாவத் தின்னா அது வயித்துக்குள்ளயே வெந்து பிஸ்கோத்தாயிரும்டி. அப்பறம் வாயத் தொறந்தா வாசத்துக்கு ஊர்ல உள்ள ஈ அம்புட்டும் உள்ள போயிரும்” என்றேன்.

பெரியவளும் நடுவிலவனும் சிரித்தார்கள். சின்னவள் சிரித்தாளா என்று நான் பார்க்கவில்லை.

தட்டைச் சட்டிக்குள் வைத்து மூடிவிட்டு, டின்னைப் பூட்டத் திரும்பினேன். பூட்டு இருந்தது. சாவி இல்லை.

“ஏலே, சாவிய எங்க வச்ச?” என்று நடுவிலவனைப் பிடித்தேன்.

“இங்கதான் மாமு வச்சேன். பாப்பாகிட்ட.”

பாயை உதறினோம். மாவுச் சட்டியைக் கவிழ்த்தோம். அப்போதுதான் சின்னவளின் முகத்தைப் பார்த்தேன். உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“வாயில என்னாடி?”

இல்லை என்று தலையாட்டினாள். வாய் திறக்கவில்லை.

“முழுங்கிட்டியா?”

ஆமாம் என்று தலையாட்டி, வயிற்றின்மேல் கையை வைத்தாள்.

அந்தச் சாவிக்கு ரம்பம் மாதிரிப் பல் இருக்கும். எங்கள் சந்தில் ஒரு பையன் காலணாவை முழுங்கி, மதுரைப் பெரியாஸ்பத்திரிக்கு அவனைத் தூக்கிக்கொண்டு ஓடியதைப் பார்த்தவன் நான். அவன் கழுத்து நரம்பு புடைத்து நின்றது இன்னும் கண்ணில் இருக்கிறது. காசு வழவழப்பானது. இது?

“மாமு, வயித்தக் கிழிப்பாங்களா?” என்றான் நடுவிலவன். பெரியவள் ஓவென்று அழ ஆரம்பித்தாள்.

வாழைப்பழம் கொடுத்தால் சாவி வழுக்கிக்கொண்டு இறங்கும் என்று ஒன்றை உரித்து நீட்டினேன். சின்னவள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். கையை விலக்கப் போனால் மூச்சுமுட்டத் திமிறினாள். தொண்டையில்தான் குத்தி நிற்கிறது, அதனால்தான் பேச முடியவில்லை என்று முடிவே செய்துவிட்டேன். அவளைத் தோளில் போட்டுக்கொண்டு கம்பவுண்டர் வீட்டுக்கு ஓட வாசலைத் தாண்டினேன்.

“மாமு, அடுப்பு தீயுது!” என்று பெரியவள் கத்தினாள்.

வீடு வேறு எரிய வேண்டுமா? பிள்ளையைத் தோளில் வைத்தபடியே திரும்பி வந்து மூடியைத் தள்ளினேன். ஓரத்துப் பிஸ்கோத்துகள் கருகியிருந்தன. அப்போதுதான் உறைத்தது: மாவுக்குள் இருந்தால்? தட்டை இழுத்துப் போட்டு, கை பொசுங்கப் பொசுங்க ஒவ்வொன்றாக உடைத்தேன். ஒன்றிலும் இல்லை. உடைக்க உடைக்க, தோளில் கிடந்த பிள்ளை கனத்துக்கொண்டே போனாள்.

கடைசியில், கொழுக்கட்டை மாதிரிப் புடைத்த ஒன்று. அதில் அச்சும் இல்லை. உடைத்தேன். உள்ளே சாவி, நெய் மினுங்க. அக்கா கொழுக்கட்டைக்குள் பூரணம் வைப்பாளே, அப்படிச் சின்னவள் வைத்து மூடியிருக்கிறாள்.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

“அப்ப என்னத்தடி முழுங்கின?”

அவள் கீழே கிடந்த பச்சை மாவைக் காட்டினாள். பிறகு ஜன்னலில் உட்கார்ந்திருந்த ஈயைக் காட்டினாள். வாய் மட்டும் திறக்கவில்லை.

வேறு வழி? ஈ ஒன்றும் வராது என்று காட்ட, ஒரு உருண்டைப் பச்சை மாவை அவள் கண்முன்னே முழுங்கிவிட்டு, வாயை ஆவென்று திறந்து உட்கார்ந்தேன். அந்தப் பாழாய்ப்போன ஈ நேராக வந்து என் உதட்டில் உட்கார்ந்தது. நான் துப்பிய துப்பில் சின்னவள் வாய்விட்டுச் சிரித்தாள். உள்ளே அரிசிப் பல்லும் மாவும்தான்.

அக்கா வந்தபோது டின் பூட்டியிருந்தது. சாவியை வாங்கி முடிந்துகொண்டவள் தட்டைப் பார்த்தாள்.

“ஏன்டா அம்புட்டும் நொறுங்கிக் கெடக்கு? ஒரு முழுப் பிஸ்கோத்து இல்லையே! நாளைக்கு வாரவங்களுக்கு என்னத்தக் குடுப்பேன்? வாயத் தொறந்து சொல்லேன்டா!”

நான் உதட்டை இறுக்கிக்கொண்டு தலையாட்டினேன்.

“தொறக்க மாட்டாகம்மா” என்றாள் சின்னவள். “ஈ வந்துரும்.”