பின் சீட்டில் ஏறியது யார்?

நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். இது கட்டிவிட்ட கதையாக இருந்தால், என் அண்ணனும் அண்ணியும் மூன்று வாரம் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்திருக்க மாட்டார்கள்.

அண்ணனுக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. மழை வந்துவிட்டால் மனிதரை வீட்டில் பிடித்து வைக்க முடியாது. சைக்கிளில் ஒரு சுற்று போய் வந்தால்தான் உயிர் வரும். அந்த ஞாயிற்றுக்கிழமை மதியத்திலிருந்தே தூறல். "நானும் வரேன்" என்று அண்ணியும் திடீரென்று கிளம்பினார். ஏரிக்கரையில், இருவர் சேர்ந்து மிதிக்கும் இரட்டைச் சைக்கிள் ஒன்றை வாடகைக்கு எடுத்தார்கள். முன்னால் அண்ணன், பின்னால் அண்ணி.

பாலம் தாண்டியதும் அண்ணியின் செருப்பு நழுவி விழுந்தது.

"ஒரு நிமிஷம் நிறுத்துங்க."

அண்ணன் காலை ஊன்றி நின்றார். மழை வலுத்தது. போட்டிருந்த மூக்குக்கண்ணாடியில் தண்ணீர் வழிந்து எதுவும் தெரியவில்லை. மழைக்கோட்டின் தொப்பி காதை மூடியிருந்தது.

பின் சீட் அழுந்தியது. முதுகில் இரண்டு தட்டு. கிளம்பினார்.

கொஞ்ச தூரத்திலேயே சந்தேகம் தட்டியது. அண்ணி காலைச் சும்மா வைத்துக்கொண்டு ஊர்வலம் வருகிற ரகம். இன்றைக்கோ மேட்டில்கூட வண்டி பறந்தது.

"என்ன, இன்னிக்கு மிதிக்கிறியே?"

பின்னாலிருந்து மிதி இன்னும் பலமாக விழுந்தது.

"கோவமா?"

"ம்ஹூம்..."

குரல் சளி கட்டியது போல இருந்தது. நனைந்ததால் இருக்கும் என்று நினைத்தார். மனம் ஒப்பவில்லை. பத்து நிமிடம் வாயை மூடிக்கொண்டு இருக்கிற ஆளா அண்ணி?

"திரும்பிடலாமா?"

"இன்னும் கொஞ்சம்..."

காதுக்கு மிக அருகில். பின் சீட்டிலிருந்து அவ்வளவு தூரம் எட்டவே முடியாது.

திரும்பிப் பார்க்கக் கழுத்து வரவில்லை.

சரக்... சரக்... வேகம் கூடியது. மிதிப்பதை நிறுத்தினார்.

பெடல் நிற்கவில்லை.

அவர் காலையும் சேர்த்து இழுத்துச் சுற்றியது...

ஏரியைச் சுற்றி முடித்து, மீண்டும் பாலம்.

அங்கே அண்ணி நின்றிருந்தார்.

கையில் செருப்பு.

அண்ணன் பிரேக்கை இறுக்கிப் பிடித்தார்.

"யாருங்க அவ?"

"எவ?"

"நடிக்காதீங்க! நான் குனிஞ்சு செருப்பை எடுக்கறதுக்குள்ள அவளை ஏத்திக்கிட்டுப் போயிட்டீங்க. கத்திக் கூப்பிட்டேன். இப்பகூட அந்த மரம் வரைக்கும் ஒட்டி உட்கார்ந்துக்கிட்டு வந்தாளே. எங்க இறக்கி விட்டீங்க?"

வழியில் வண்டி எங்கும் நிற்கவில்லை.

அண்ணன் பின் சீட்டைத் தொட்டுப் பார்த்தார். அத்தனை மழையிலும் அது காய்ந்து கிடந்தது.

அண்ணி ஒரு வார்த்தையும் நம்பவில்லை. மூன்று வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, சைக்கிள் கடைக்கே போய் விசாரித்தார்.

"எங்க வீட்டுக்காரரு இதுக்கு முன்னாடி எந்தப் பொண்ணுகூடயாவது வந்திருக்காரா?"

"இல்லக்கா. அன்னிக்குத்தான் அவரை முதல்ல பார்த்தேன்," என்றார் கடைக்காரர். "ஆனா முந்தின நாளே ஒரு பொண்ணு வந்து, அவர் பேரைச் சொல்லி, அந்த வண்டியை வேற யாருக்கும் குடுக்காதீங்கன்னு சொல்லிட்டுப் போச்சு."

இரட்டைச் சைக்கிள் எடுக்கலாம் என்று அண்ணனும் அண்ணியும் முடிவு செய்ததே அன்று அந்தக் கடை வாசலில்தான்.

"நேத்தும் வந்துச்சுக்கா. அடுத்த மழைக்கும் எடுத்து வைக்கணுமாம்... இந்தத் தடவை அவரு தனியா வருவாராம்."