ஒன்றரை லட்சம் வருஷம் பிந்தி வந்த சேதி

எண்பத்தேழாம் வருஷம், மாசி கடைசி. தெற்கே ஒரு நட்சத்திரம் வெடித்திருக்கிறது, வெறுங்கண்ணுக்கே தெரியும் என்று பேப்பரில் போட்டிருந்தான். விண்வெளியில் சுற்றுகிற தொலைநோக்கி ஒன்றும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறதாம். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. பிரெஞ்சுப் பட்டாளத்து பென்ஷன் வாங்குகிற பக்கத்து வீட்டுக்காரரிடம் பைனாகுலர் இரவல் கேட்டேன்.

"கழுத்துல மாட்டிக்குங்க. கடல்ல போட்டுட்டு வந்து நிக்காதீங்க" என்று கொடுத்தார்.

அன்று காலையில்தான் பிரான்சிலிருந்து என் மனைவியின் அண்ணன் கடிதம் வந்திருந்தது. நெஞ்சுவலியென்று ஆஸ்பத்திரியில் கிடந்தவர், 'இப்போது நன்றாக இருக்கிறேன்' என்று எழுதியிருந்தார். தந்தி வந்த நாளிலிருந்து சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தவள், அன்று இரண்டாம் முறை குழம்பு ஊற்றிக்கொண்டாள். அந்தச் சந்தோஷத்தில், பொழுது சாய்ந்ததும் கடற்கரைக்குக் கூட்டிப்போனேன்.

தெற்கே நாகூர்ப் பக்கம், அடிவானத்துக்குக் கொஞ்சம் மேலே, மங்கலாக ஒரு புள்ளி.

"இதுக்கா இந்தப் பாடு? நம்ம வீட்டு ஜீரோ வாட் பல்பே தேவலாம்."

"அது வெடிச்சு ஒன்றரை லட்சம் வருஷத்துக்கு மேல ஆச்சு. வெளிச்சம் இப்பதான் வந்து சேருது."

"அப்ப தலை முழுகணுமா?" என்று சிரித்தாள். எங்கள் பக்கத்தில் பங்காளி வீட்டுச் சாவு எத்தனை மாசம் கழித்துத் தெரிந்தாலும், காதில் விழுந்த அன்றைக்கே தலை முழுகிவிடுவோம்.

அதோடு நான் வாயை மூடியிருக்கலாம். "சேதி வர்ற வரைக்கும் எல்லாரும் அது நல்லா இருக்குன்னுதானே நெனச்சிருப்பாங்க" என்று வியாக்கியானம் செய்தேன்.

அவள் பைனாகுலரை இறக்கினாள். "என்னங்க, அண்ணன் அந்த லெட்டர எழுதி எத்தன நாளு?"

"பன்னெண்டு."

பைனாகுலரை என் கையில் திணித்துவிட்டு வீட்டைப் பார்க்க நடந்தாள். ராத்திரி தட்டில் சோறு அப்படியே இருந்தது.

மறுநாள் டெலிபோன் ஆபீசில் டிரங்கால் பதிந்துவிட்டு, சாயங்காலம் வரை பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். லைன் கிடைத்ததும் அவள் கத்தினாள்: "அண்ணே, நல்லா இருக்கீங்களா?"

பதில் இல்லை. ரிசீவரை இன்னொரு காதுக்கு மாற்றினாள். அப்புறம் எனக்கே கேட்கிற மாதிரி வந்தது குரல்: "இருக்கேம்மா! ஏன் கத்துற, காது போவுது!"

வெளியே வந்தவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "ஏங்க, மொதல்ல செத்த நேரம் அண்ணன் பேசவே இல்லியே, ஏன்?"

பேச்சு ஆகாயத்துக்கு ஏறிச் செயற்கைக்கோள் வழியாக இறங்குகிற நேரம் அது. படித்திருந்தேன். தொண்டை வரைக்கும் வந்துவிட்டது.

"அங்க இப்ப மத்தியானச் சாப்பாட்டு நேரம்" என்றேன். "வாய்ல சோறு இருந்திருக்கும்."