மலைக்குக் கிழக்கு

லூர்துராணிக்குத் திருச்சியில் சொந்தமாக ஒரு செங்கல்கூடக் கிடையாது. பாலக்கரையில் வாடகைக்கு இருந்துகொண்டே இருபத்து மூன்று வருஷமாக ஊருக்கெல்லாம் வீடு முடித்துக் கொடுக்கிறாள். வீட்டு புரோக்கர் என்றால் வாயைத் திறந்தாலே பொய் என்று நினைப்பவர்கள் அவளிடம் ஏமாந்துபோவார்கள். குழாயில் உப்புத் தண்ணீர் வந்தால் உப்பு என்பாள். மழைக்கு ஒழுகினால் எந்த மூலை என்று கையைப் பிடித்துக் கூட்டிப்போய்க் காட்டுவாள். கைப்பையில் அளக்கும் டேப் இல்லாமல் அவள் பூசைக்குக்கூடப் போனதில்லை.

அப்பேர்ப்பட்டவள் ஒருமுறை அளக்காமல் வாயை விட்டாள்.

மலைக்கோட்டை அடிவாரத்துச் சந்து ஒன்றில் செண்பகவல்லி மாமியின் வீடு. கணவர் போன பிறகு தனியாக இருக்கப் பிடிக்காமல், ஸ்ரீரங்கத்தில் தங்கை குடியிருக்கும் அபார்ட்மென்டிலேயே ஒரு ஃபிளாட் பார்த்துவிட்டு, மாமி இதை விற்கச் சொன்னார். அவர் கொடுத்த பழைய பத்திரங்கள் நான்கையும் லூர்துராணி ஒரே மூச்சில் படித்தாள். முதல் பத்திரத்துக்கு நூறு வயதுக்கு மேல். அதில் ‘காதர் மொய்தீன் வீட்டுக்குத் தெற்கு’ என்றிருந்த எல்லை அடுத்ததில் ‘சவரிமுத்து வீட்டுக்குத் தெற்கு’ ஆகி, அப்புறம் வேறு யாரோவாகியிருந்தது. சந்தின் பெயரே இரண்டு தடவை மாறியிருந்தது. மேற்கெல்லைக்கு மட்டும் நான்கிலும் ஒரே வாசகம்: ‘மலைக்குக் கிழக்கு.’ கிழமேல் நீளமும் நான்கிலும் நாற்பத்தோரு அடி.

படித்தவளுக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. அந்தக் கிறக்கத்தில்தான், வாங்க வந்த வேணியிடம், “நாப்பத்தோரு அடி நீளம். ஒரு அடி குறைஞ்சாலும் நான் இந்தத் தொழிலையே விட்டுடறேங்க” என்று சொல்லிவிட்டாள்.

வேணி ஸ்கூலில் அறிவியல் டீச்சர். அந்த வார்த்தையை நம்பி அட்வான்ஸ் கொடுத்துவிட்டு அளந்து பார்க்க வந்தாள். வாசலிலிருந்து சமையலறையின் பின்சுவர் வரை டேப்பை இழுத்தார்கள். முப்பத்தேழு. லூர்துராணி மறுபடி இழுத்தாள், அதன் பிறகும் ஒரு தடவை. முப்பத்தேழேதான்.

“மீதி நாலு அடி எங்கக்கா?” என்றாள் வேணி. கோபமாகக் கேட்டிருந்தாலாவது தேவலை. லூர்துராணி டேப்பைச் சுருட்டினாள். சொன்ன சொல்லுக்குத் தொழிலை விட்டுவிட வேண்டியதுதான், வேறு வழியில்லை. மாமியைக் கேட்டால், தான் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து சுவர் அங்கேதான் இருக்கிறது என்றார்.

லூர்துராணி சமையலறைத் தரையிலேயே உட்கார்ந்து பத்திரத்தை மறுபடி பிரித்தாள். மலைக்குக் கிழக்கு. சுவருக்குக் கிழக்கு என்று யாரும் எழுதவில்லையே. எழுந்துபோய்ச் சுவரைத் தட்டினாள். உள்ளே வெற்றிடம் இருக்கிற சத்தம் கேட்டது.

மாமியின் சம்மதத்தோடு கொத்தனார் இம்தியாஸ் உளியை வைத்தார். நாலாவது செங்கல் விழுந்ததும் ஜில்லென்று காற்று வந்தது. ஆள் நுழையும் அளவு திறந்துகொண்டு டார்ச் அடித்தார்கள்.

உள்ளே மலை நின்றது.

தினமும் அண்ணாந்து பார்க்கிற அதே மலைதான். ஆனால் இது வீட்டுக்குள் இருந்தது. கன்னங்கரேலென்று, மேலே தளம் முட்டுகிற இடம் வரைக்கும் ஒரே கல். அதன்மேல் நீர் கசிந்து மினுமினுத்தது. அந்தக் கசிவுக்குப் பயந்து யாரோ எந்தக் காலத்திலோ நாலு அடி தள்ளிச் சுவர் எழுப்பியிருக்க வேண்டும். மொட்டை மாடிக்குப் படி இல்லாத வீடாதலால், தளம் சுவரைத் தாண்டிப் பாறைவரை போவது பிறகு வந்த யாருக்கும் தெரியவே இல்லை.

இம்தியாஸ் தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார். இமயமலைக்கும் மூத்த பாறை இது என்று வருஷா வருஷம் வகுப்பில் ஒப்பிக்கிற வேணி இப்போது விரல் நுனியால் அதைத் தொட்டுப் பார்த்தாள். லூர்துராணி சிலுவை போட்டுக்கொண்டாள். மாமி கைகூப்பினார். கிழக்கே பார்த்த அடுப்பையும் அந்த மலையையும் மாறி மாறிப் பார்த்தார்.

“நாப்பத்தாறு வருஷமா இதுக்கு முதுகைக் காட்டிண்டு தோசை வார்த்திருக்கேன்” என்றார். கண் கலங்கியிருந்தது.

லூர்துராணி டேப்பின் நுனியை வாசலில் வேணியிடம் கொடுத்துவிட்டு உள்ளே வந்து, பாறையோடு வைத்து அழுத்தினாள். நாற்பத்தோரு அடி. ஓர் அங்குலம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. நூறு வருஷத்துக்கு முன்னால் இதே இடத்தில் கை வைத்து அளந்த, பேர் தெரியாத அந்த மனுஷனை அவள் நினைத்துக்கொண்டாள்.

“அப்போ மலையும் சேர்த்து எனக்குத்தானாக்கா?” என்று வேணி கேட்டாள். வேறு புரோக்கராக இருந்தால் ஆமாம் என்று தலையாட்டியிருப்பார்.

“இல்லைங்க டீச்சர். அது யார் பேருக்கும் வராது. நாமதான் அதுக்குப் பக்கத்து வீடு.”

பத்திரம் எழுதுகிற அன்று, சர்வே நம்பர் போதும், பழைய வாசகமெல்லாம் எதற்கு என்றார் எழுத்தர். லூர்துராணி விடவில்லை. ஐந்தாவது பத்திரத்திலும் ‘மலைக்குக் கிழக்கு’ என்றே ஏறியது. அதன் கடைசிப் பக்கத்தில் சாட்சி என்று போட்டு அவள் கையெழுத்தும் இருக்கிறது. சொந்தமாக ஒரு செங்கல்கூட இல்லாதவளின் பெயர், மலை இருக்கிற அதே பத்திரத்தில்.