சரிம்மா, சரிம்மா

பிரஸ்காரர் தகர மூடி அடிக்கும் மெஷினில் இருபத்தெட்டு வருஷம் நின்றவர். அந்தச் சத்தத்தில் பக்கத்தில் இடி விழுந்தாலும் தெரியாது. அதனால் யார் என்ன சொன்னாலும் "சரி" என்று தலையாட்டிவிடுவதுதான் பட்டறை வழக்கம். எதற்குத் தலையாட்டினோம் என்பது பாதி நேரம் ஆண்டவனுக்கே வெளிச்சம். காதில் வைக்க ஒரு துண்டுப் பஞ்சுகூட முதலாளி கொடுத்ததில்லை. வேலையை விட்டு நின்றபோது இரண்டு காதும் போயிருந்தன.

மனைவி போய்ச் சேர்ந்த பிறகு, பட்டறையின் பின்சுவரை ஒட்டிய ஒற்றை அறையில் தனியாகக் கிடந்தார். வாசலில் நாலு பாத்தி முள்ளங்கி. அதோடு பேசக் காது தேவையில்லை. நல்லதாகப் பொறுக்கி மாதாமாதம் மகளுக்கும் பேரனுக்கும் பஸ்ஸில் அனுப்புவார். ஞாயிறு தவறாமல் மகள் போன் செய்வாள். ஒரு எழவும் கேட்காது. செவிடு என்று தெரிந்தால் வருத்தப்படுவாளே என்று, "சரிம்மா, சரிம்மா" என்று சொல்லிச் சொல்லி ஒப்பேற்றிவிடுவார்.

ஒரு நாள், மண்ணை அள்ளிப்போய்ச் சோதித்த அரசாங்க ஆட்கள் சுவரில் நோட்டீஸ் ஒட்டிவிட்டுப் போனார்கள். மண்ணில் ஈயமும் கழிவு எண்ணெயும் ஊறியிருக்கிறது, இங்கே விளைந்ததை உண்ண வேண்டாம். பிரஸ்காரர் பாத்தியைத் திரும்பிப் பார்த்தார். மெஷின் கழுவிய தண்ணீரைச் சனிக்கிழமைதோறும் வாளி வாளியாக அங்கே கொட்டியது வேறு யார்? இவர்தான். "ஊத்துப்பா, மண்ணு குடிச்சிரும்" என்று மேஸ்திரி காதருகே கத்தினார். இவரும் தலையாட்டினார். மண் குடித்ததை முள்ளங்கி குடித்தது. அதை இவர் பேரனுக்கு அனுப்பியிருக்கிறார், பாவி.

போனில் சொல்லலாம்தான். அவள் காதில் விழுந்ததா என்று இவருக்கு எப்படித் தெரியும்? அடுத்த பஸ்ஸைப் பிடித்தார்.

மகள் வீட்டு வாசலில் நின்றபடியே கத்தினார். "அந்த முள்ளங்கியைப் புள்ளைக்குக் குடுக்காதே! மண்ணெல்லாம் விஷம்!"

மகளின் உதடு அசைந்தது. "சரிம்மா" என்றார். அவள் மறுபடி ஏதோ கேட்டாள். "சரிம்மா."

மகள் அவர் முகத்தையே பார்த்தாள். பிறகு பேரனின் நோட்டை எடுத்து எழுதி நீட்டினாள்.

"முதல் மாசமே எண்ணெய் வாடை அடிச்சுது. எல்லாத்தையும் குப்பையிலதான் போட்டேன். நீங்களும் தின்னாதீங்கன்னு வாராவாரம் சொன்னேனேப்பா."

பேரனுக்கு ஒன்றுமில்லை. போன உயிர் திரும்பி வந்தது அவருக்கு. நோட்டைத் திருப்பிக் கொடுத்தார். அவள் அழுதுகொண்டே இன்னும் இரண்டு வரி எழுதினாள்.

"இங்கேயே வந்து இருங்கன்னும் ஒவ்வொரு வாரமும் கேட்டேன். சரிம்மான்னு சொல்லிட்டு வரவே மாட்டேங்கறீங்களேன்னு நினைச்சேன். மூணு வருஷமா உங்க கட்டில் காலியாக் கிடக்குப்பா."

பிரஸ்காரர் அதை இரண்டு முறை படித்தார். அவருக்குத் தலையாட்ட வரவில்லை.