ஜெசிந்தா அக்காவோடு முடியாத சண்டை

செய்தி வந்தபோது பள்ளியில் மின்சாரம் இல்லை. காலையில் போனது, மதியம் வரை வரவில்லை. பதினொன்றாம் வகுப்பில் வியர்த்துக் கொட்டப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். ஜெசிந்தா அக்காவின் தம்பி, செம்மங்குப்பத்தில் கெமிக்கல் கம்பெனியில் வேலை பார்ப்பவர், போனில் கூப்பிட்டார். "கலை மேடம், அக்கா போயிட்டாங்க. காலைல நெஞ்சு வலிக்குதுன்னாங்க, ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குள்ள..." எனக்கு அழுகை வரவில்லை, கோபம் வந்தது. எங்களுக்குள் ஒரு சண்டை பாக்கி இருந்தது. அதை முடிக்காமல் எப்படிப் போகலாம் என்றுதான் முதலில் தோன்றியது. காட்டுமன்னார்கோயிலில் பஸ் பிடித்து, சிதம்பரத்தில் மாறி, கடலூர் ஓ.டி.யில், அதாவது பழைய டவுனில், இறங்கும் வரைக்கும் அந்தக் கோபம் அப்படியே இருந்தது.

நம் எம்.எட். வகுப்புத் தோழர்கள் எல்லோருக்கும் அக்காவைத் தெரியும். 2004இல் சிதம்பரத்தில் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தபோது நம்மைவிட ஏழெட்டு வயது மூத்தவர். கொஞ்ச காலம் பள்ளியில் வேலை பார்த்துவிட்டுப் படிக்க வந்தவர். நாம் எல்லோரும் "எம்.எட். முடிச்சா வேலை கெடைக்குமா?" என்று விசாரித்துக்கொண்டிருந்தபோது, மனிதர்கள் ஏன் இப்படி நடந்துகொள்கிறார்கள் என்று நிஜமாகவே தெரிந்துகொள்ள வந்த ஒரே ஆள் அவர்தான். உளவியல் ஆய்வகத்தில் இருவர் இருவராகச் சேர்த்துவிடுவார்களே, ஒருவர் சோதனை செய்பவர், மற்றவர் சோதனைக்கு உட்படுபவர், அதில் நானும் அவரும் ஜோடி. கண்ணைக் கட்டிக்கொண்டு மரப்பலகையில் செதுக்கிய வழியை விரலால் தடவித் தடவிக் கண்டுபிடிக்க வேண்டும். நான் ஒரு முட்டுச்சந்தில் மாட்டிக்கொண்டு அங்கேயே தடவிக்கொண்டிருந்தேன். சோதனை செய்பவர் வாயைத் திறக்கக் கூடாது என்பது விதி. அக்காவுக்குப் பொறுக்கவில்லை. "இன்னாடி இது, செவுத்தையே தடவிக்கினு இருக்க? திரும்பி வாடி!" என்று கத்திவிட்டார். பேராசிரியர் சிரித்துவிட்டு, மறுபடி முதலிலிருந்து செய்யச் சொன்னார்.

வகுப்பில் தெரிந்த பதிலைக்கூடச் சொல்லாமல் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளைப் பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்ய வேண்டும் என்பது அக்காவின் ஆசை. பதில் தெரியாதவன் பேசாமல் இருப்பதில் ஆச்சரியம் இல்லை, தெரிந்தவன் ஏன் வாயை மூடிக்கொண்டிருக்கிறான் என்று கேட்பார். விடுதி மெஸ்ஸில் இரண்டாவது முறை சாம்பார் கேட்கக் கூச்சப்பட்டு நான் வெறும் சோற்றைப் பிசைந்தால், தட்டைப் பிடுங்கிக்கொண்டு போய் வாங்கி வருவார். "கேளுடி. இல்லன்னா அவுங்க இல்லன்னு சொல்லட்டும். கேக்கறதுக்கு முன்னாடியே நீயா இல்லன்னு சொல்லிக்காத." இதை எத்தனை பேரிடம் சொல்லியிருப்பார்! இதைப் படிக்கும் உங்களில் பாதிப் பேரிடமாவது சொல்லியிருப்பார்.

படிப்பு முடிந்ததும் நான் கடலூருக்குத் தெற்கே, சவுக்குத் தோப்புகளுக்கு நடுவே இருந்த ஒரு தனியார் பி.எட். கல்லூரியில் விரிவுரையாளராகச் சேர்ந்தேன். சேருகிற அன்றே அசல் சான்றிதழ்கள் எல்லாவற்றையும் தாளாளரிடம் கொடுத்துவிட வேண்டும். பத்தாம் வகுப்பிலிருந்து எம்.எட். வரைக்கும் எல்லாம் அவருடைய அலுவலக பீரோவுக்குள் போய்விடும். நாமும் ஏதோ பத்திரமாக இருக்கட்டும் என்று கொடுப்பதுபோல் கொடுத்துவிட்டு வருவோம். வேறு வேலைக்குப் போக வேண்டும் என்று நினைக்கும்போதுதான் புரியும், சான்றிதழோடு நாமும் அந்த பீரோவுக்குள்ளேதான் இருக்கிறோம் என்று. படித்த முட்டாள்தனம் என்றால் இதுதான். மனித நடத்தையைப் படித்துப் பட்டம் வாங்கிய நாங்கள்தான் அங்கே வரிசையில் நின்று கொடுத்தோம்.

ரயில் பாதையை அகலமாக்குகிறோம் என்று தண்டவாளத்தைப் பிடுங்கிப் போட்டிருந்த சமயம் அது. எனக்கு அரசு மேல்நிலைப் பள்ளி வேலைக்குச் சான்றிதழ் சரிபார்ப்புக்கு அழைப்பு வந்தது. அப்பா காலமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. வீட்டில் அம்மாவும் இரண்டு தங்கைகளும். அந்த வேலை கிடைக்காவிட்டால் எங்கள் வீட்டுக்கு விடிவே இல்லை. தாளாளரிடம் போய் நின்றேன். "இன்ஸ்பெக்ஷன் வர்ற நேரத்துல சைக்காலஜிக்கு ஆள் இல்லாம நான் இன்னா பண்றது? உங்க எடத்துக்கு மூணு வருஷம் இருக்கற மாதிரி எம்.எட். ஆள் ஒண்ணக் கொண்டாந்து நிறுத்துங்க, சர்டிபிகேட்டத் தூக்கினு போங்க" என்றார். அழுதேன். அம்மாவை அழைத்துக்கொண்டு போய் மறுபடி அழுதேன். அந்த ஆள் அசையவில்லை.

அக்கா அப்போது சிதம்பரத்தில் ஓர் ஆய்வுத் திட்டத்தில் உதவியாளராக இருந்தார். முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்ய எல்லாம் தயாராக இருந்த நேரம். வழிகாட்டியும் ஒப்புக்கொண்டுவிட்டார். நான் புலம்புவதற்காகத்தான் போன் செய்தேன். மறுநாள் காலையில் பார்த்தால் சான்றிதழ் ஃபைலைக் கையில் வைத்துக்கொண்டு கல்லூரி வாசலில் நிற்கிறார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"வேணாங்க்கா. உங்க பிஎச்.டி. இன்னா ஆவறது?"

"அது எங்கயும் ஓடிப்போவாது. எங்கம்மா ஓ.டி.ல படுத்த படுக்கையா கெடக்கறாங்க, அங்கேர்ந்து இங்க கிட்டக்கத்தான். மூணு வருஷம்தான் கேக்கறாரு, இருந்துட்டுப் போறேன்."

"எனக்காக ஒண்ணும் நீங்க..."

"உனக்காகன்னு யாருடி சொன்னா? ரொம்பத்தான் பெரிய மனுஷியாட்டம் பேசாத. உள்ள போய் உன்னுத வாங்கினு வா."

அவர் ஃபைல் உள்ளே போனது, என் ஃபைல் வெளியே வந்தது. சரிபார்ப்புக்குப் போனேன். வேலை கிடைத்தது. தங்கைகள் படித்தார்கள். என் வீட்டில் இன்று எரிகிற அடுப்பு அந்தக் காலை நேரத்தில் அக்கா பற்ற வைத்தது.

தாளாளர் எடுத்ததற்கெல்லாம் கத்துகிற மனிதர். அவர் குரல் கேட்டாலே நாங்கள் பதறிக்கொண்டு ஓடுவோம். அக்கா ஓடவில்லை. அவர் கத்தினால் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு பேசாமல் நிற்பார். தப்பித் தவறி மெதுவாகக் கேட்டுவிட்டால் உடனே முகம் மலர்ந்து, கேட்டதற்கு மேலேயே பதில் சொல்வார். இரண்டு மூன்று மாதத்தில் அந்த மனிதர் அக்காவைக் கண்டாலே குரலைத் தணித்துக்கொள்ள ஆரம்பித்தார். "ஒண்ணும் மந்திரம் இல்லடி. நம்ம புஸ்தகத்துல இருக்கறதுதான். பாவம், நல்லாத்தான் கத்துக்கறாரு" என்று போனில் சொல்லிச் சிரிப்பார். ஆனால் மூன்று வருஷம் முடிந்து சான்றிதழைக் கேட்டபோது, "அடுத்த இன்ஸ்பெக்ஷன் முடியட்டுமேம்மா" என்று தாளாளர் ரொம்ப மெதுவாகத்தான் சொன்னார். கத்தாமலே மறுக்க அவருக்கு அக்காவே சொல்லிக் கொடுத்துவிட்டார்.

அதற்குப் பிறகுதான் அக்காவின் பேச்சு மாறியது. இடையில் அவர் அம்மாவும் இறந்துவிட்டார். கிட்டக்க இருக்க வேண்டும் என்ற காரணமும் இல்லாமல் போனது. போனில் கூப்பிட்டால், "இன்னிக்கும் அதே சேரு, அதே ஜன்னல். மழ வந்தா அதே எடத்துல ஒழுவுது" என்பார். போலீசுக்குப் போகலாம் என்றேன். கூட இருக்கிற மற்றவர்களின் சான்றிதழும் அங்கேதான் இருக்கிறது, கோபத்தில் கிழித்துப் போட்டுவிட்டால் யார் பதில் சொல்வது என்றார். ஒரு நாள், "கலை, எனக்கு மூச்சு முட்டுதுடி" என்றார். அவர் அப்படிச் சொல்லி நான் கேட்டதே இல்லை. அன்று முழுக்க எனக்கு வகுப்பே ஓடவில்லை. அவரை அங்கே கொண்டு போய்ப் பூட்டியது என் வேலைதானே என்று நினைத்து நினைத்து மனசு வெந்தது.

2011 டிசம்பர் கடைசியில் வந்த புயல் நம் பக்கத்தை என்ன செய்தது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பலா, முந்திரி, சவுக்கு எதுவும் மிச்சமில்லை. கல்லூரி அலுவலகத்தின் ஷீட் கூரை பறந்துபோய்த் தோப்புக்குள் கிடந்தது. பீரோ குப்புற விழுந்து கதவு திறந்துகொண்டது. தாளாளர் சென்னையில் இருந்தார், சாலையெல்லாம் மரம் விழுந்து கிடந்ததால் வர முடியவில்லை. அக்கா விழுந்த மரங்களைத் தாண்டித் தாண்டி நடந்தே போய்ச் சேர்ந்திருக்கிறார். தண்ணீரில் ஊறிக்கொண்டிருந்த ஃபைல்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கியிருக்கிறார்.

காவலுக்கு இருந்தவர் பயந்துவிட்டாராம். "மேடம், அய்யா வந்து கேட்டா நான் இன்னான்னு சொல்றது?"

"ஜெசிந்தா எடுத்துனு போனான்னு சொல்லுங்க. பேரை மட்டும் சரியா சொல்லுங்க."

வீட்டில் தரையெல்லாம் செய்தித்தாளை விரித்து, நடுநடுவே தாளை வைத்து, இஸ்திரிப் பெட்டிக்குக் கரண்ட் இல்லாமல் விசிறியால் வீசி வீசிக் காய வைத்தார். பஸ் ஓட ஆரம்பித்ததும் நெல்லிக்குப்பம், பண்ருட்டி, குறிஞ்சிப்பாடி என்று ஒவ்வொருவர் வீட்டுக்கும் போய் அவரவர் சான்றிதழை அவரவர் கையில் கொடுத்தார். பண்ருட்டிக்காரர் வாசலிலேயே உட்கார்ந்து அழுதாராம். பொங்கலுக்குள் எல்லோரும் வேலையை விட்டார்கள். அக்கா மட்டும் விடவில்லை.

இதுதான் எங்கள் சண்டை. தாளாளர் திரும்பி வந்ததும் அவரிடம் அக்கா, "சார், பரீட்சை முடியற வரைக்கும் நான் இருக்கேன். சர்டிபிகேட் எங்க வீட்ல இருக்கும்" என்று சொல்லியிருக்கிறார். கேட்டதும் எனக்குத் தலைக்கு மேல் ஏறியது. சனிக்கிழமை கிளம்பிப் போனேன். உளவியல், கற்பித்தல் முறை, பயிற்சிப் பாடம் என எல்லா வகுப்பையும் ஒரே ஆளாக எடுத்துக்கொண்டிருந்தார். தொண்டை கட்டிப் போயிருந்தது. நானும் இரண்டு வகுப்பு எடுத்துக் கொடுத்தேன். சாயங்காலம் பஸ் நிறுத்தத்தில் பிடித்துக்கொண்டேன்.

"இன்னும் இன்னாத்துக்குக்கா இங்க ஒக்காந்திருக்கீங்க? பிஎச்.டி. பதிவுக்கு இன்னும் கொஞ்ச நாள்தான் இருக்கு."

"பசங்க ப்ராக்டிகல் எழுத வேணாமா? வெளியிலேர்ந்து எக்ஸாமினர் வருவாங்க. ஒருத்தரும் இல்லன்னா அதுங்க வருஷம் போயிடும்டி."

"அதை அந்த ஆளு பாக்கணும். அவரு காலேஜு."

"அவரு எங்க பாக்கப் போறாரு?"

"அப்ப இத்தனை நாளும் இப்பவும் ஒண்ணுதான். அதே சேரு, அதே ஜன்னலு, அதே ஆளு. பூட்டு இல்லன்னு தெரிஞ்சும் நீங்களே உள்ள போய் ஒக்காந்துக்கினா அதுக்கு இன்னா பேரு? நீங்களே சொல்லுங்க, பழகிப்போன கையாலாகாத்தனம்னு நம்ம புஸ்தகத்துல அதுக்கு ஒரு பேரு இருக்குல்ல?"

அக்கா என்னை உற்றுப் பார்த்தார். "அதுவும் இதுவும் ஒண்ணு இல்ல கலை" என்றார்.

"எப்படி ஒண்ணு இல்ல?"

பஸ் வந்துவிட்டது. ஏறச் சொல்லி முதுகில் தள்ளினார். அதற்குப் பிறகு போனில் பலமுறை பேசினோம், இதைப் பேசவில்லை. பேசினால் நான் கத்துவேன் என்று அவருக்குத் தெரியும், நான் கத்தினால் அவர் பதில் சொல்ல மாட்டார் என்று எனக்கும் தெரியும். செய்முறைத் தேர்வு முடிந்தது, எழுத்துத் தேர்வும் முடிந்தது. வேலையை எழுதிக் கொடுத்துவிட்டுச் சிதம்பரம் போய் வழிகாட்டியைப் பார்த்தார். அடுத்த முறைக்குப் பதிவு செய்துகொள்ளலாம் என்று அவர் சொன்னதை எனக்குச் சொல்லும்போது சின்னப் பெண் போலப் பேசினார். அடுத்த மாதம் போய்விட்டார்.

ஓ.டி. கல்லறைத் தோட்டத்தில் அந்த வருஷத்து மாணவிகள் எல்லோரும் வந்திருந்தார்கள். கம்மாபுரத்திலிருந்து வந்த ஒரு பெண் என் கையைப் பிடித்துக்கொண்டு விம்மினாள். "போயிடுங்க மேடம், நாங்க எப்படியோ சமாளிச்சுக்கறோம்னு நாங்களே சொன்னோம் மேடம். எல்லாரும் சேந்து போய்ச் சொன்னோம்."

"அதுக்கு இன்னா சொன்னாங்க?"

"சிரிச்சாங்க. 'இவ்ளோ நாளு இங்க வரணுமேன்னு வந்தேன். இப்பதான்டி வரணும்னு ஆசையா வரேன், கெடுக்காதீங்க'ன்னாங்க."

பஸ் நிறுத்தத்தில் நான் கேட்டதற்குப் பதில் அதுதான். அதை என்னிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்கவும் மாட்டேன். இப்போதும் முழுதாக நம்பவில்லை. அவர் கதவு திறந்த அன்றே போயிருக்க வேண்டும், அந்த ஆறு மாதத்தையும் தனக்கென்று வைத்துக்கொண்டிருக்க வேண்டும் என்றுதான் இன்னமும் சொல்வேன்.

அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது இந்தச் சண்டைதான். பள்ளிக்குப் போகும்போதும் வரும்போதும் பஸ்ஸில் உட்கார்ந்து மனதுக்குள் அவரோடு மல்லுக்கட்டுகிறேன். என் பக்கத்தை நான் பேசுகிறேன். அவர் பக்கத்தைப் பேச வேறு ஆள் இல்லாததால் அதையும் நானே பேச வேண்டியிருக்கிறது. பேசப் பேச, ஒவ்வொரு முறையும் அக்காதான் ஜெயிக்கிறார்.